பீரோவின் மேல் இருந்த ஸ்கேன் கவர்

இந்த வருடம் சாரல் முன்னதாகவே வந்துவிட்டது. தென்காசியில் என் வீட்டு மாடி அறை, பீரோவுக்கு நேர் மேலே, ஒழுகத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் பீரோ மேல் கிடப்பதையெல்லாம் இறக்கச் சொன்னாள் என் மனைவி. ஸ்டூல் போட்டு ஏறினேன். கைப்பிடி போன சூட்கேஸ், ஓடாத டேபிள் ஃபேன், பழைய காலண்டர்கள், எல்லாவற்றுக்கும் அடியில் உம்முடைய கவர். வெள்ளையாக வந்தது, ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. கையில் எடுத்ததும் அந்த வாடை வந்தது. மருந்தும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி, ஸ்கேன் பிலிமுக்கென்றே இருக்கிற வாடை.

"அது என்னது, அவ்வளவு பெருசா?" என்று கீழே நின்றவள் கேட்டாள்.

"டெப்போ பேப்பர்" என்றேன்.

நீர் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்னும் உமக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கீழே இறங்கிப் போன பிறகு கவரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். உம்மோடு பேச வேண்டும் என்று இருந்தது. பேச என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. சண்டை போட வேண்டும் என்றுதான் இருந்தது. எதிரே நீர் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பதினேழு வருடம் ஒரே வண்டியில் ஓடினோம். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை. நீர் டிரைவர், நான் கண்டக்டர். கல்யாணம் பண்ணிக்கொண்டவளோடு இருந்த நேரத்தைவிட உம்மோடு இருந்த நேரம் அதிகம். சீசனில் குற்றாலத்தில் வண்டியைத் திருப்புவது உமக்கு நினைவிருக்கும். ஈரத் துண்டோடு, எண்ணெய்த் தலையோடு, நாலு பக்கமும் ஜனம். முன்னால் இருப்பதுதான் உமக்குத் தெரியும். பின்னால் நின்று நான் விசில் கொடுக்காமல் ஒரு அடிகூட ரிவர்ஸ் எடுக்க மாட்டீர். "நீரு பின்னால பாரும், நான் முன்னால பாக்கேன். ரெண்டு பேரும் பாத்தாத்தான் வே வண்டி திரும்பும்" என்பீர். ஒரு தடவைகூட ஒரு ஆள் மேல் இடித்ததில்லை நாம்.

அப்படி இருந்த நாம் உம் உடம்பு விஷயத்தில் மட்டும் எப்படி இவ்வளவு மடத்தனமாக நடந்துகொண்டோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் குற்றவாளி அந்த எஞ்சின் சூடு. நம் டெப்போவில் எந்த டிரைவருக்கு என்ன வந்தாலும் காரணம் அதுதான். மூலம் வந்தால் சூடு, கண் எரிந்தால் சூடு, முடி கொட்டினாலும் சூடு. வைத்தியமும் ஒன்றேதான். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நிற்பது. சர்வீஸின் கடைசி வருடத்தில் உமக்கு அடிக்கடி ஒன்றுக்கு வரத் தொடங்கியது. பழைய அருவி விலக்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் போவீர். "என்ன கண்டக்டரே, டிரைவரக் காணும்?" என்று ஜனம் கேட்கும். "டயர் பாக்கப் போயிருக்காரு" என்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை டயர் பார்த்த டிரைவர் தமிழ்நாட்டில் நீர் ஒருத்தராகத்தான் இருப்பீர். அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஓய்வு பெற்ற பிறகும் சூடு தணியவில்லை. எஞ்சினை விட்டு இறங்கி ஒரு வருடம் ஆன பிறகும் என்ன எஞ்சின் சூடு என்று கேட்டு, உம்மை நான்தான் தென்காசியில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது. பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அளவு கூடுதலாக வந்தது, ரொம்பவும் இல்லை. அந்த டாக்டர் சின்ன வயதுதான். ஆனாலும் அவசரப்படாமல் நமக்கு விளங்கும்படி சொன்னார்.

"இந்த ஒரு அளவ வச்சு கேன்சர்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. புராஸ்டேட் சுரப்பி வயசுல பெருத்தாலும் இது கூடும், கிருமி இருந்தாலும் கூடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. சுரப்பி எவ்வளவு பெருசு, உள்ள சந்தேகமா ஏதும் இடம் இருக்கான்னு அதுல தெரியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான், சதை எடுத்து டெஸ்ட் பண்ணணுமா வேண்டாமான்னு நான் முடிவெடுக்க முடியும். ரெண்டையும் கொண்டு வாங்க."

ரெண்டையும் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நீர் சொன்னீர்: "ரத்தம் ஒண்ணு சொல்லுமாம், படம் ஒண்ணு சொல்லுமாம். நாம எத வே நம்ப?"

திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். குழாய்க்குள்ளே படுக்க வைத்ததை, "மூணாவது கியர்ல மேடு ஏற மாட்டேங்குத வண்டி மாதிரி ஒரே சத்தம்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தீர். நேராக என் வீட்டு மாடிக்குத்தான் வந்தோம். கவரிலிருந்து பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர். கட்டம் கட்டமாக ஏதோ சாம்பல் நிறத்தில் இருந்தது. தலை எது கால் எது என்று நம் இருவருக்கும் தெரியவில்லை.

"கறுப்பா ஒண்ணும் இல்லயே வே?"

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு" என்றேன்.

எனக்கு என்ன தெரியும் என்று அப்படிச் சொன்னேன்? கள்ள நோட்டு வெளிச்சத்தில் தெரியும், நோய் தெரியுமா? டாக்டர்கள் வருடக்கணக்கில் படித்துவிட்டுப் பார்ப்பதை நான் ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டேன். கவருக்குள்ளே பின் அடித்த இரண்டு தாள் இருந்தது. எழுத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நாம் பிரிக்கவே இல்லை.

உம் மகளுக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பூ வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாரம் ஒரு தரம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். "ஸ்கேன் எடுத்தாராம்னு ஒரு வார்த்த சுரண்டைக்குப் போச்சுன்னா போதும் வே, மூணு வார்த்தையாத் திரும்பி வரும்" என்றீர். வீட்டில் உம் மனைவிக்கும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும் என்பது உம் கணக்கு. ரத்தப் பரிசோதனைத் தாளை நாலாக மடித்தால் சட்டைப் பையில் போய்விடும். இந்தக் கவர் மடியாது. உம் வீட்டில் ஒளிக்க இடமில்லாத ஒரே சாமான் இது.

"உம்ம பீரோ மேல கெடக்கட்டும். கல்யாணம் முடியட்டும்" என்றீர்.

நானும் வாங்கி மேலே வைத்தேன். அதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவன் பாடு என்று உமக்காக இரக்கப்பட்டேன். ரத்தம் ஒரு வீட்டில், படம் ஒரு வீட்டில் என்று அன்றைக்குத்தான் நாம் பாகம் பிரித்தோம்.

டாக்டரைப் பார்க்கப் போகவேண்டிய நாளில் நான் ஊரில் இல்லை. வீரகேரளம்புதூரில் மச்சினன் கட்டின புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. நீர் போன் பண்ணினீர். வீடு பூட்டியிருக்கிறது, கவரை எப்படி எடுக்க என்று கேட்டீர். "நாளைக்குப் போவும்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு ரத்தப் பேப்பரயாவது காட்டிட்டு வாருமே" என்றேன். அந்த வாக்கியம் என்னுடையது. உம்மேல் போட முடியாது.

அன்றைக்கு அந்தச் சின்ன டாக்டர் லீவு. வேறொருத்தர் இருந்தார். தாளைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டீர். ஏன் வே அப்படிச் சொன்னீர் என்று சாயங்காலம் கேட்டேன்.

"எடுத்தேன், கூட்டாளி வீட்டு பீரோ மேல இருக்குன்னு சொல்லவா? சிரிக்க மாட்டாவளா?"

அவர் கையில் இருந்ததை வைத்து அவர் கிருமிக்கு மாத்திரை கொடுத்தார், கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப ரத்தம் பார்க்கச் சொன்னார். பார்த்தீர். அளவு குறைந்திருந்தது. அந்தத் தாளை நீர் தேர்வில் பாஸான பையன் மாதிரி என் முகத்துக்கு நேரே நீட்டியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. "எறங்கிட்டு வே" என்றீர். அன்று மத்தியானமே பழைய அருவிக்குப் போனோம். தண்ணீருக்கு அடியில் நின்று நீர் கத்தியது இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. நானும் பதிலுக்குக் கத்தினேன். இரண்டு முட்டாள்கள்.

கல்யாணம் முடிந்தது. மறுவீடும் முடிந்தது. கவரைக் கொண்டுபோய் ஒருதரம் காட்டிவிடுவோமே என்று கேட்டேன். "அதான் எறங்கிட்டுல்லா, எதுக்குக் கிண்டுதீரு?" என்று வாயை அடைத்தீர். நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வண்டி பின்னால் போகும்போது ஆள் தெரிந்தால் டிரைவரிடம் அனுமதி கேட்டா விசில் அடிப்பார்கள்?

பிறகு முதுகுவலி வந்தது. அதற்கும் சூடு என்றீர். எண்ணெய் போட்டீர். நடக்க முடியாமல் போன பிறகுதான் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றார்கள். அங்கிருந்த டாக்டர், "இதுக்கு முன்னாடி ஸ்கேன் ஏதும் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். உம் மனைவி கட்டில் பக்கத்தில் நின்றாள். நீர் என்னைப் பார்த்தீர். நான் சுவரைப் பார்த்தேன். "இல்ல" என்றீர், மெதுவாக. அந்த ஒரு சொல்லுக்காக உம்மை நான் மன்னிக்கவே இல்லை. சுவரைப் பார்த்ததற்காக என்னையும்தான்.

போன வாரம் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பின்னைப் பிடுங்கினேன். துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது. முப்பது வருடம் படிவம் நிரப்பிய இங்கிலீஷ் எனக்குப் போதுமானதாக இருந்தது. சுரப்பியின் இடது பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமான ஒரு பகுதி என்று எழுதியிருந்தார்கள். சுரப்பிக்கு வெளியே பரவியதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரி, ரத்தப் பரிசோதனை அளவோடு சேர்த்துப் பார்த்து, திசு எடுத்துச் சோதிப்பது நல்லது என்று. தடித்த எழுத்தில் வேறு. ரத்தத்தின் அளவு ஏறும், இறங்கும். இந்தத் தாள் சொன்னது அப்படியேதான் இருந்தது, என் காலண்டர்களுக்கு அடியில். அன்றே காட்டியிருந்தால் நீர் பிழைத்திருப்பீர் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வெளியே பரவவில்லை என்ற அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? திரும்ப உள்ளே வைத்தேன். சூட்கேஸுக்கு அடியில் செருகினேன். உம் சிநேகிதன்தானே.

மறுநாள் கொல்லத்தில் இருக்கும் என் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். உம் மகன் செல்வம் சுரண்டையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போகிறான் என்று தெரிந்து லாரியில் ஏறிக்கொண்டேன். நாற்பத்தாறு வயதாகிறது அவனுக்கு. ஸ்டியரிங் பிடிப்பதில்கூட உம் சாயல். செங்கோட்டையில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். புளியறை செக்போஸ்டில் வரிசையில் நிற்கும்போது திரும்ப இறங்கினான். பக்கத்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வந்து ஏறினவனிடம், என்னடா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. எஞ்சின் சூடுல்லா. ஊருக்குப் போயி நாலு நாள் அருவில நின்னா சரியாப் போவும்."

"யாருலே சொன்னா சூடுன்னு?" என்றேன்.

"அப்பாதான் சொல்லுவாவ."

கொல்லத்துக்குப் போகவில்லை. புளியறையிலேயே இறங்கி எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினேன். தென்காசியில் இறங்கி முதலில் அந்தச் சின்ன டாக்டரிடம் போனேன். இப்போது அவருக்கும் காதோரம் நரைத்திருக்கிறது. அந்த வயதில் அடிக்கடி போவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம்தான் இருக்கும், பயப்படவேண்டாம் என்றார். ஆனால் அப்பாவுக்கு இருந்தது என்றால் மகன் காத்திருக்கக்கூடாது, ரத்தம் பார்த்துவிடுவோம், ஸ்கேனும் எடுத்துச் சேர்த்துப் பார்த்துவிடுவோம் என்றார். அப்பாவுக்கு முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டார். இந்தத் தடவை நான் சுவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கவரை எடுத்தேன். என் மனைவியிடம் இது டெப்போ பேப்பர் இல்லை என்று சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் கவர் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்து கொடுத்தாள்.

உம் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் மூன்று தெரு. சாரலில் அந்த மூன்று தெருவை நடக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உம் மனைவியைப் பழகின நாளிலிருந்து நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். அவளிடம் போய் இதை நீட்டவேண்டும். நீட்டாவிட்டால் செல்வம் அருவியில் போய் நிற்பான்.

"வாங்க அண்ணாச்சி. என்ன இந்த மழைக்குள்ள வந்திய?" என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

உட்காராமல் சொன்னேன். உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் நான் சொல்லமாட்டேன். கவரை அவள் கையில் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள். உம் பெயரை விரலால் தொட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் கவருக்குப் பக்கத்தில் கட்டிலில் வைத்தாள். நாலாக மடித்த அடையாளம் கறுப்புக் கோடாக விழுந்திருந்த ஜெராக்ஸ். உம்முடைய முதல் ரத்தப் பரிசோதனை.

"தொவைக்க எடுத்த சட்டையில இருந்தது அண்ணாச்சி. கடையில குடுத்து ஒண்ணு எடுத்துட்டு, இருந்த மாதிரியே மடிச்சுப் பையில வச்சிட்டேன். பக்கத்துத் தெரு லேப் பிள்ளைக்கிட்ட காட்டுனேன். ஸ்கேனும் சேத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும், அத்தேன்னு சொன்னா. அவிய ஸ்கேனே எடுக்கலன்னுல்லா நெனச்சேன். எப்படி எடுக்கச் சொல்லன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கேட்டா, சட்டப் பையத் தொளாவுனியான்னு கோவப்படுவாவன்னு இருந்தேன். கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

நீர் சொன்ன அதே வார்த்தை.

உமக்குத் தெரியாமல் அவள், அவளுக்குத் தெரியாமல் நீர், இருவருக்கும் நடுவில் நான். மூன்று பேரும் உமக்கு நல்லது நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தோம். டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேட்ட இரண்டு தாளும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பக்கத்தில் இருந்தன, நீர் படுத்துக் கிடந்த கட்டிலில். யாருக்கு வே இப்போது அது? எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல இருந்தது. அவள்தான் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, செல்வத்துக்கு போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே, ரத்தமும் குடுக்க, ஸ்கேனும் எடுக்க. ரெண்டும் எங்கையில வரணும். ஒண்ண மட்டும் கொண்டாந்து சமாளிச்ச, நான் சும்மா இருக்க மாட்டேன்."

"வெளிய தெரிஞ்சா நல்லா இருக்குமாம்மா?" என்றான் அவன். உம் மகன்தான்.

"தெரியட்டும்லே" என்றாள்.

நேற்று அவன் ரத்தம் கொடுத்தான். பக்கத்தில் நின்றேன். என் மனைவி சொன்னாள் என்று நானும் கையை நீட்டினேன். என்ன அளவு வருமோ தெரியாது, அதை மட்டும் வைத்துச் சந்தோஷப்படவும் மாட்டேன், பயப்படவும் மாட்டேன். வியாழக்கிழமை அவனுக்குத் திருநெல்வேலியில் ஸ்கேன். நானும் கூடப் போகிறேன். பீரோவுக்கு மேலே ஒழுகுகிற இடத்தில் இப்போது ஒரு வாளி வைத்திருக்கிறேன். உம்மேல் உள்ள கோபம் தணியவில்லை, தணியும் என்றும் தோன்றவில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை பஸ் ஏறுவேன். அவன் கவரை நான்தான் வாங்குவேன். வாங்கி நேரே தங்கச்சி கையில் கொடுப்பேன். என் வீட்டுக்கு அது வராது.